பங்காளி

வைரவன் சமையலறை மேசையில் உட்கார்ந்து தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய நிழல் மூன்றாவது முறையாகச் செத்துப்போனது.

செய்தி அவர் மனைவி உமையாளின் கைபேசிக்கு வந்தது. காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் செத்துப்போனது என்றெல்லாம் எழுதுவதில்லை. 'சோதனை முடிந்தது. நிழல் தொடரவில்லை. சிகிச்சைக்கு அனுமதி இல்லை' என்று மூன்று வரி. அதன் கீழே, இந்த நாள் உங்களுக்கு இனிதாக அமையட்டும் என்று ஒரு வாழ்த்து.

"என்ன, போயிட்டானா?" என்றார் வைரவன், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ம்."

"எத்தனை நிமிஷம் தாக்குப்பிடிச்சான்?"

"நாலு."

"போன தடவையும் நாலுதானே? கொஞ்சங்கூட முயற்சி பண்ண மாட்டேங்கிறானே என் பங்காளி." சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. மூக்கில் செருகியிருந்த ஆக்சிஜன் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இருமல் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடியும் தக்காளியை எடுத்தார்.

காப்பீடு எடுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கம்பெனியின் கணினியில் ஒரு நிழல் உண்டு. பிறந்ததிலிருந்து எடுத்த ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மணிக்கட்டுப் பட்டையில் ஓடும் நாடித் துடிப்பு, அப்பன் தாத்தன் வழியில் வந்த சர்க்கரை, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய கணக்கு உடம்பு அது. மருத்துவர் ஒரு பெரிய சிகிச்சையை எழுதினால் அதை முதலில் நிழலுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். நிழல் பிழைத்தால் ஆளுக்கு அனுமதி. பிழைக்காவிட்டால் இல்லை.

நிழல் வந்த புதிதில் நாடே கொண்டாடியது. உமையாளும்தான். அதற்கு முன்பு ஓர் அனுமதிக்கு மூன்று வாரம், ஐந்து வாரம் என்று தொலைபேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே காத்துக் கிடக்க வேண்டும். நிழல் நான்கே நிமிடத்தில் சொல்லிவிடும். வைரவனுக்குப் பித்தப்பையில் கல் வந்தபோது, மருத்துவமனை வாசலிலிருந்து காரை எடுப்பதற்குள் அறுவைக்கு அனுமதி வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவர் அதற்குப் பங்காளி என்று பெயர் வைத்தார். "ஒரே ரத்தம். சொத்துல பங்கு கேக்காத பங்காளி இவன் ஒருத்தன்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அமெரிக்காவில் டேட்டன் நகரத்துப் பேருந்துகள் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று வரைபடம் போடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் அதைச் செய்தார். ஐம்பத்தேழு வயதில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. பிறகு சமதரையிலும் வாங்கியது. நுரையீரல் தழும்பேறி மரக்கட்டையாக இறுகிக்கொண்டு வருகிறது, காரணம் தெரியவில்லை என்றார்கள். வேலையை விட்டார். வேலையோடு அவருடைய காப்பீடும் போயிற்று. அதற்குப் பிறகு உமையாளின் வேலை வழியாக வந்த காப்பீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

மருந்து இல்லாமல் இல்லை. புதிதாக ஒன்று வந்திருந்தது. நோயாளியின் செல்லையே எடுத்து வளர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஊசி. இறுகிய நுரையீரலை அது இளக்கிவிடும் என்று நுரையீரல் மருத்துவர் நம்பிக்கையோடு சொன்னார். விலையைக் கேட்டபோது, பன்னிரண்டுக்கும் சேர்த்தா என்றாள் உமையாள். இல்லை, ஓர் ஊசிக்கு. வீட்டை விற்றால் மூன்று ஊசி போடலாம். ஊருக்குப் போய்விடலாமா என்றும் யோசித்தார்கள். சென்னைக்கு அந்த மருந்து இன்னும் வரவில்லை. வந்திருந்தாலும் அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார அவருடைய நுரையீரல் இடம் கொடுக்காது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

டிசம்பரில் வந்த அந்த மூன்றாவது மறுப்புக்குப் பிறகு மேல்முறையீடு ஒன்றுதான் பாக்கி. கம்பெனியின் மருத்துவர் ஒருவரோடு பத்து நிமிடம் தொலைபேசியில் பேசலாம். எல்லாம் பதிவாகும்.

பேசியவர் டாக்டர் இர்ஃபானா என்று பெயர் சொன்னார். சொந்த ஊர் மேலப்பாளையம் என்பது பின்னால்தான் உமையாளுக்குத் தெரிந்தது. அன்றைக்குப் பேச்சு முழுக்க ஆங்கிலத்தில், எழுதிவைத்ததை வாசிப்பது போல நடந்தது.

"நிழலுக்கு அந்த மருந்தை நூறு முறை கொடுத்துப் பார்த்திருக்கிறோம். மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தது பதினொரு முறைதான். அனுமதிக்கு நாற்பது வேண்டும்."

"செய்தியில் இந்த எண் வரவில்லையே?"

"எழுத்தில் கொடுப்பதில்லை. கேட்டால் சொல்லலாம், சொல்லியே தீர வேண்டும் என்றும் இல்லை."

"நிழல் சொல்வது தப்பாக இருந்தால்?"

"நிழலுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, அம்மா. இதே நோய், இதே மருந்து, முன்னால் யாருக்கு என்ன ஆயிற்று என்று மருத்துவமனைகள் அனுப்பும் பதிவுகளைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. அதில் மருந்து கேட்கவில்லை என்று இருந்தால் அது என்ன செய்யும்?"

பத்து நிமிடம் முடிந்துவிட்டது. உமையாள் போனைக் கையில் வைத்தபடி நின்றாள். ஏனென்றால் அந்தப் பதிவுகளை எழுதி அனுப்புகிற ஆட்களில் அவளும் ஒருத்தி.

உமையாளுக்கு மருத்துவமனையில் மெடிக்கல் கோடிங் வேலை. மருத்துவர்கள் பத்தி பத்தியாக எழுதுவதைப் படித்து, நோய்க்கு ஓர் எண், சிகிச்சைக்கு ஓர் எண் என்று மாற்றிக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒன்பது நிமிடம். அதற்கு மேல் போனால் திரையின் ஓரம் சிவக்கும். பதினான்கு வருடத்தில் அவளுடைய திரை சிவந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பாதியில் நின்ற சிகிச்சைகளுக்கென்று ஒரு கட்டம் உண்டு. நிறுத்தியதற்குக் காரணம். 'கம்பெனி அனுமதியை நிறுத்தியது' என்று அதில் தேர்ந்தெடுத்தால் இன்னொரு மூன்று பக்கப் படிவம் திறக்கும். கம்பெனியின் கடிதத்தைத் தேடி எடுத்து இணைக்க வேண்டும். ஒன்பது நிமிடத்தில் நடக்கிற காரியமில்லை. வெற்றாக விட்டால் கணினி தானே 'பலனில்லை' என்று நிரப்பிக்கொண்டு அடுத்த நோயாளிக்குப் போய்விடும். வெற்றாக விடுங்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எல்லோருக்கும் எப்படியோ தெரிந்துவிடும்.

அடுத்த நாள் மதிய உணவு நேரத்தில் உமையாள் தன் கடவுச்சொல்லைப் போட்டு, தனக்கு ஒதுக்காத பதிவு ஒன்றைத் திறந்தாள். யார் எதைத் திறந்தாலும் கணினி குறித்துவைத்துக்கொள்ளும். இன்று இல்லாவிட்டாலும் என்றைக்காவது கேட்பார்கள். மூடிவிடலாம் என்று நினைத்தாள். மூடவில்லை.

இரண்டு வாரம் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. அந்த மருந்தை அங்கே போட்டுக்கொண்டவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். அதில் நூற்று முப்பத்து நான்கு பேருக்கு நான்காவது ஊசியோடு நின்றிருந்தது. கம்பெனி முதலில் நான்கு ஊசிக்குத்தான் அனுமதி கொடுக்கும். அதற்குள் முன்னேற்றம் தெரிந்தால்தான் மீதி. ஆனால் மருத்துவர்களின் குறிப்புகளில் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியம் இருந்தது: எட்டாவது ஊசிக்குப் பிறகுதான் இந்த மருந்து வேலை செய்யத் தொடங்கும். நூற்று முப்பத்து நான்கு பேரும் இறந்திருந்தார்கள். நூற்று முப்பத்து நான்கு கட்டமும் வெற்று. பலனில்லை, பலனில்லை, பலனில்லை.

மீதி ஒன்பது பேரும் ஒரே டயர்த் தொழிற்சாலைக்காரர்கள். அவர்களுடைய சங்கம் நிழலைக் கேட்காமல் சொந்த நிதியிலிருந்தே பன்னிரண்டு ஊசிக்கும் கொடுத்திருந்தது. ஒன்பதில் ஏழு பேர் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் போன மாதம் மீன்பிடிக்கப் போய் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்திருந்தார்.

ஒவ்வொரு பதிவின் அடியிலும் அதை எழுதியவரின் எண் இருக்கும். உமையாள் தன் எண்ணைத் தேடாமல் இருந்திருக்கலாம். தேடினாள். நூற்று முப்பத்து நான்கில் அறுபத்தொன்று அவளுடையது.

அன்று சாயங்காலம் வைரவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீயா ஊசியை நிறுத்துன? கம்பெனிக்காரன் நிறுத்துனான்."

"நிறுத்துனது அவுகதான். மருந்து கேக்கலைன்னு எழுதுனது நான். நான் எழுதுனதைப் படிச்சுட்டுத்தான் உங்க பங்காளி செத்துச் செத்துப் போறான்."

வைரவன் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"சரி, இதைக் கொண்டுபோய்க் குடுத்தா என்னாகும்?"

"வேலை போயிரும். மத்தவுக பதிவைத் தொறந்ததுக்கு மன்னிப்பே கிடையாது."

"வேலை போனா இன்சூரன்ஸ் போயிரும்."

"சேமிப்புலருந்து நாமளே கட்டி ஆறு மாசம் ஓட்டலாம்னு விசாரிச்சுட்டேன். அதுக்குள்ள ஊசி ஆரம்பிச்சிருவாக."

"ஆரம்பிக்கலைன்னா?"

அவள் எழுந்து அவருடைய தண்ணீர் டம்ளரை நிரப்பினாள்.

"உமை, இங்க வா." பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "பதினொண்ணுன்னு நீ வந்து சொன்ன அன்னைக்கே என் மனசு ஒரு நெலைக்கு வந்துருச்சு. நமக்கு இவ்வளவுதான்னு எடுத்துக்கிட்டேன். நல்லாத் தூங்குறேன், நீயே பாக்குறியே. எனக்குப் பெறகு நீ முப்பது வருஷம் இந்த ஊர்ல இருக்கணும். வேலையை விட்றாதே. எனக்காகன்னா வேணாம்."

அவள் சரி என்று தலையாட்டினாள். வியாழக்கிழமை மதியம், பெயர்களை நீக்கிவிட்டு நூற்று நாற்பத்து மூன்று பதிவுகளின் சுருக்கத்தைக் கம்பெனிக்கும் மாநிலக் காப்பீட்டு அலுவலகத்துக்கும் அனுப்பினாள். கீழே தன் பெயரையும் எண்ணையும் எழுதினாள்.

திங்கட்கிழமை மேலாளர் காலீன் தன் அறைக்குக் கூப்பிட்டாள். பதினான்கு வருடமாக உமையாளின் எலுமிச்சைச் சோற்றில் பங்கு கேட்டுச் சாப்பிட்டவள். கண்கள் சிவந்திருந்தன.

"முதலில் என்னிடம் ஏன் வரவில்லை?"

"வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

காலீன் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "திறக்காதே என்று சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, கார் நிற்கும் இடம்வரை கூடவே நடந்து வந்தாள். பனி தூற ஆரம்பித்திருந்தது.

வைரவன் கோபிக்கவில்லை. "சொன்னா கேக்க மாட்டியே" என்று மட்டும் சொன்னார். பிறகு, தன்னைக் கேட்காமல் மனைவி செய்துவிட்ட காரியத்தில் அவருக்கே மெதுவாக ஓர் ஆர்வம் பிறந்தது. கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டதா என்று காலையில் கேட்பார். பதிவுகள் பரிசீலனையில் உள்ளன என்று ஒரு கடிதம் வந்தது. தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது, எல்லா மருத்துவமனைகளிலிருந்தும் வந்த பதிவுகள் திருத்தப்படுகின்றன, நிழல்கள் புதிதாகப் பயிற்றுவிக்கப்படும் என்று இன்னொன்று வந்தது. அதை அவர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். படிக்கும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று மூச்சு வாங்கினார். சித்திரையில் ஏரிக்குப் போகலாமா என்று ஒருநாள் கேட்டார். மீன் பிடிக்கத் தெரியாதே உங்களுக்கு என்றாள் உமையாள். கத்துக்கிட்டாப் போச்சு என்றார்.

ஒன்பது வாரம் ஓடியது. அந்த ஒன்பது வாரத்தில் ஆக்சிஜன் அளவை இரண்டு லிட்டரிலிருந்து ஐந்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது. படுக்கை மாடியிலிருந்து கூடத்துக்கு இறங்கியது.

பிப்ரவரி கடைசியில், சோதனை மறுபடி நடக்கிறது என்று செய்தி வந்தது. இருவரும் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான்கு நிமிடம். வந்தது இதுதான்: 'சோதனை முடிந்தது. சிகிச்சைக்கு அனுமதி இல்லை.'

நிழல் தொடரவில்லை என்ற வரியை மட்டும் காணோம்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. உமையாள் கடைவாசலில் காரை நிறுத்தியிருந்தாள். எடுத்ததும் தமிழ்க்குரல்.

"அக்கா, நான் டாக்டர் இர்ஃபானா. அன்னைக்கு அப்பீல்ல பேசினேன், ஞாபகம் இருக்கா? இது என் சொந்த போன். நான் பேசினது தெரிஞ்சா என்னையும் அனுப்பிருவாங்க. ஆனா உங்க பதிவுகளை முதல்ல படிச்சது நான்தான். சொல்லாம இருக்க முடியலை."

"சொல்லுங்க டாக்டர்."

"நீங்க சொன்னது அத்தனையும் சரி. திருத்தியாச்சு. உங்க வீட்டுக்காரரோட நிழல் இப்ப அம்பத்தெட்டு."

"அம்பத்தெட்டா? நாப்பதுதானே வேணும்?"

"இப்ப அறுபதுக்கா."

"எப்பலருந்து?"

"திருத்தறதுக்கு முந்தின வாரத்துலருந்து. திருத்தினா எத்தனை பேரோட புள்ளி ஏறும்னு அவங்க முன்னாடியே ஓட்டிப் பாத்துட்டாங்க. நெறைய பேர் நாப்பதைத் தாண்டிட்டாங்க. அதனால தாண்ட வேண்டிய கோட்டை மேல தூக்கிட்டாங்க."

"நாப்பதுங்கிறது ஏதோ டாக்டருக கண்டுபிடிச்சதுன்னுல்ல நெனச்சிருந்தேன்?"

"நானும் சேந்த புதுசுல அப்படித்தான் நெனச்சேன். வருஷத்துக்கு இத்தனை பேருக்குத்தான் பெரிய நுரையீரல் சிகிச்சைன்னு ஒரு எண்ணிக்கை முதல்லயே முடிவாயிடும். எல்லா நிழலையும் புள்ளி வரிசையில நிக்க வச்சு, அந்த எண்ணிக்கை எங்க முடியுதோ அங்க கோடு போடுவாங்க. அது நாப்பதுல விழுந்துது, இப்ப அறுபதுல விழுது. எண்ணிக்கை மாறவே இல்லை."

கார் கண்ணாடியில் பனி உருகி ஓடியது. உமையாள் கேட்க நினைக்காத ஒன்றைக் கேட்டாள். "டிசம்பர்லயே சரியாப் பாத்திருந்தா எங்க வீட்டுக்காரவுகளுக்கு எவ்வளவு வந்திருக்கும்?"

"அப்ப நுரையீரல் இன்னும் நல்லா இருந்துது. எழுபது இருக்கும்க்கா. எழுபத்திரண்டுகூட வந்திருக்கலாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லலாமா வேண்டாமா என்று மனசு அடித்துக்கொண்டது. முப்பத்தோரு வருடமாக அவரிடம் எதையும் ஒளித்ததில்லை. அந்தப் பழக்கம்தான் அவளைப் பேசவைத்தது, வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கூடத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஐம்பத்தெட்டு, அறுபது, எழுபத்திரண்டு என்று எல்லா எண்ணையும் சொல்லி முடித்தாள்.

"எழுபத்திரண்டா?" என்றார் வைரவன்.

"ஆமாங்க."

"அப்ப நான் பொழைச்சிருப்பேன்."

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"நூத்துக்கு எழுபத்திரண்டுன்னா, உமை, நான் பொழைச்சிருப்பேன்ல?"

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. பங்காளி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. சாந்தமாக இருந்த மனிதர், மருந்து கொடுக்க வருகிற நர்சின் கையைத் தட்டிவிட்டார். தூக்கம் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே போகிறவர்களை, நாயைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறவர்களை, வெறுப்போடு பார்த்தார். கம்பெனியின் பெரிய ஆட்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று தாள் கேட்டார். நான்கு வரி எழுதுவதற்குள் மூச்சு முட்டித் தாளைக் கசக்கிப் போட்டார். கசக்கிய தாளை உமையாள் பிரித்துப் பார்த்தாள். ஐயா, எனக்கு வயது ஐம்பத்தொன்பது, என்று தொடங்கி எனக்கு இன்னும் என்பதோடு நின்றிருந்தது.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம், கஞ்சியை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமில்லை.

"ஏன் எங்கிட்ட சொன்ன?"

"எதை?"

"எழுபத்திரண்டு." ஒரு மூச்சு. "நான் பாட்டுக்குப் போயிருப்பேன்ல. பதினொண்ணுன்னு நெனச்சுக்கிட்டு, பேசாமப் போயிருப்பேன்."

கஞ்சி ஆறும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எதற்கென்று கேட்பது? எழுதாமல் விட்ட அறுபத்தொரு கட்டத்துக்கா, எழுதி அனுப்பியதற்கா, வாய் திறந்து சொன்னதற்கா? அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையில் வைரவன் இறந்தார். கடைசி மூன்று நாள் நினைவில்லை. அதற்கு முந்தைய நாளும் அவர் அவளோடு சமாதானமாகப் பேசவில்லை. தண்ணீர் என்றார், ஜன்னலைத் திற என்றார். அவ்வளவுதான்.

காரியங்கள் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் திரும்பிப் போன பிறகு, உமையாள் பள்ளிக்கூடம் ஒன்றின் உணவுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தட்டு கழுவும் இயந்திரத்தின் முன்னால் நிற்கும் வேலை. அந்த வேலைக்குக் காப்பீடு கிடையாது. அவளுடைய நிழலை அணைத்துவிட்டதாகக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இர்ஃபானா மறுபடி கூப்பிட்டார். வைரவன் போன செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. துக்கம் விசாரித்தார். பிறகு, தயங்கித் தயங்கி, ஒரு நல்ல செய்தி என்று ஆரம்பித்தார்.

"கொலம்பஸ்ல ஒரு அம்மாக்கா. அறுபத்திநாலு புள்ளி. பழைய நிழலா இருந்தா கிட்டக்கூட வந்திருக்க மாட்டாங்க. நீங்க அனுப்பினதாலதான் அனுமதி கெடைச்சுது. எட்டாவது ஊசி முடிஞ்சிருச்சு. குழாயில்லாம அரை மணி நேரம் இருக்காங்களாம்."

உமையாள் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரென்றே தெரியாத அந்த அம்மாள் குழாய் இல்லாமல் மூச்சு விடுவதை நினைத்துப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், நெஞ்சில் ஏதோ இளகியது. அதற்குள் பதினான்கு வருடம் எண்களோடு பழகிய புத்தி குறுக்கே வந்துவிட்டது.

"எண்ணிக்கை மாறலைன்னு சொன்னீகளே, டாக்டர்?"

"ஆமா."

"அப்ப அந்தம்மா உள்ள வந்ததுக்கு யாரோ வெளிய போயிருக்கணுமே?"

எங்கோ வண்டி ஒன்று ஹாரன் அடித்தது.

"நுரையீரல் சிகிச்சை எல்லாத்துக்கும் ஒரே கோடுதான்க்கா. வேற நோய், வேற மருந்து. நாப்பத்தி மூணு, நாப்பத்தஞ்சுன்னு இருந்தவங்க முன்னாடி தாண்டிட்டு இருந்தாங்க. இப்ப தாண்டலை."

"யாராச்சும் தெரியுமா?"

"பேரு சொல்லக் கூடாது."

"பேரு வேணாம்."

"நாப்பத்தஞ்சு புள்ளி இருக்கிற ஒருத்தர், முப்பத்தாறு வயசு. வீட்டுக்காரம்மா அப்பீல் போட்டிருக்காங்க. நாளைக்குப் பத்தரைக்கு. பத்து நிமிஷம். நான்தான் பேசணும். அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நல்ல செய்தி சொல்றதுக்கு இல்லக்கா, பொய் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. உங்களுக்கு நான் எப்படிச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்?"

உமையாள் வெகுநேரம் யோசிக்கவில்லை. பதில் மார்ச் மாதத்திலிருந்தே அவளிடம் இருந்திருக்க வேண்டும்.

"எவ்வளவுன்னு கேப்பா. கேட்டாச் சொல்லலாம், சொல்லணும்னு கட்டாயமில்லைன்னு நீங்கதானே சொன்னீக?"

"ஆமா."

"சொல்லாதீக. ரொம்பக் கம்மின்னு மட்டும் சொல்லிருங்க."